மாமியாரின் பல்செட்டும் சிவந்த மேல்வாயும்

கேள்வி: என் மாமியாருக்கு 74 வயது. ஒன்பது வருடத்துக்கு முன்பு மேலும் கீழும் முழு பல்செட் வைத்தோம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிப்ரைடும் சாப்பிடுகிறார், வீசிங்குக்கு இன்ஹேலர் எடுக்கிறார். தூங்கும்போதுகூட செட்டைக் கழற்ற மாட்டார். போன மாதம் காய்ச்சலுக்குக் காட்டப் போனபோது டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மேல்வாய் முழுக்க ரத்தச் சிவப்பாக இருக்கிறது, பல் டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். அத்தையோ வலியே இல்லை, எதற்கு என்கிறார். வாயோரம் இரண்டு பக்கமும் வெடிப்பு. மூன்று மாதமாக பி-காம்ப்ளக்ஸ் கொடுத்தும் ஆறவில்லை. ரசம்கூட நாக்கு எரிகிறது என்கிறார். கீழ்செட் ஆடுகிறது, சாப்பிடும்போது கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறார். முன்பு வெற்றிலை, புகையிலை போட்டவர், விட்டு நாலைந்து வருடம் ஆகிறது. இது புற்றுநோயாக இருக்குமா? புது செட் செய்தால் சரியாகிவிடுமா? செட்டைச் சுடுதண்ணீரில் போட்டால் கிருமி போகும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா, போடலாமா? ராத்திரி கழற்றச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார், எப்படிச் சொல்வது?
— மன்னார்குடியிலிருந்து ஒரு மருமகள்

பதில்:

முதலில் உங்கள் பயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், செட்டுக்கு அடியில் வரும் பூஞ்சைத் தொற்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். புற்றுநோய் பெரும்பாலும் இப்படி மேல்வாய் முழுவதும் ஒரே சீராகச் சிவந்து வருவதில்லை. ஆனால் புகையிலை போட்ட வாய் என்று ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கிறீர்கள், அதனால் கடிதத்தைப் படித்து மட்டும் நான் முடிவு சொல்ல மாட்டேன். ஒரு பல் டாக்டர் செட்டைக் கழற்றச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி, கன்னத்தை விரித்து, விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வலி வரட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள்.

சரி, இது என்ன நோய்? கேண்டிடா என்று ஒரு பூஞ்சை இருக்கிறது. அது வெளியிலிருந்து தொற்றிக்கொண்டு வந்ததல்ல, நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிற பல பேர் வாயிலேயே அது சும்மா இருந்துகொண்டிருக்கும். எச்சில் ஓடிக்கொண்டிருப்பதாலும் நாக்கு அசைந்து தேய்த்துக்கொண்டே இருப்பதாலும் அது பெருகாது. மேல்செட் போட்டதும் இந்த இரண்டும் அந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. செட் அண்ணத்தோடு ஒட்டி உட்கார்ந்திருப்பதால் அதற்கு அடியில் எச்சில் போகாது, நாக்கும் படாது, சாப்பாட்டின் மிச்சம் மட்டும் எப்படியோ போய் உட்கார்ந்துகொள்ளும். ஈர வேட்டியை நாள் முழுக்க இடுப்பில் கட்டியிருந்தால் படர்தாமரை வருகிறதல்லவா, ஏறக்குறைய அதே கதைதான். சிவப்பு பெரும்பாலும் செட்டின் ஓரம் எங்கே முடிகிறதோ அங்கேயே முடிந்துவிடும், கழற்றிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். கீழ்வாயில் இது அபூர்வம், ஏனென்றால் அங்கே செட் சின்னது, எச்சிலும் தேங்குகிறது, நாக்கும் பக்கத்திலேயே இருக்கிறது.

வலி இல்லை என்று அத்தை சொல்வது உண்மைதான், அவர் மறைக்கவில்லை. இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு வலியே இருக்காது, அதுதான் இதில் உள்ள தொல்லை. ஆரம்பத்தில் அங்கங்கே குண்டூசி முனை அளவு சிவப்புப் புள்ளிகள், அப்புறம் செட் மூடும் இடம் முழுக்கச் சிவப்பு, இன்னும் பல வருடம் கவனிக்காமல் விட்டால் அண்ணத்தின் நடுவில் பொடிப்பொடியாகச் சதை முளைத்துச் சொரசொரவென்று ஆகிவிடும். 1962-லேயே நியூட்டன் என்பவர் இப்படி மூன்று நிலையாகப் பிரித்து எழுதினார், இன்றும் அதையே பயன்படுத்துகிறோம். உங்கள் அத்தை இரண்டாவது நிலையில் இருப்பதாகத் தோன்றுகிறது. முதல் இரண்டும் ஒழுங்காகக் கவனித்தால் குணமாகிவிடும். மூன்றாவதில் பூஞ்சை போனாலும் அந்தச் சதை முழுக்க அமுங்காது, சில நேரம் வெட்டியெடுக்க வேண்டியிருக்கும்.

அவருக்கு ஏன் வந்தது என்றால், வருவதற்கான காரணங்கள் எல்லாமே அவரிடம் சேர்ந்திருக்கின்றன. இரவிலும் செட் போட்டிருக்கிறார். சர்க்கரை இருக்கிறது, அது கட்டுக்குள் இல்லாவிட்டால் எச்சிலிலும் சர்க்கரை கூடும், தொற்றை எதிர்க்கும் சக்தியும் குறையும். வீசிங்குக்கு எடுக்கும் இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருந்தால், அடித்த மருந்தில் ஒரு பங்கு வாயிலும் தொண்டையிலும் தங்கி அங்கே பூஞ்சையை வளர்க்கும். போதாததற்கு ஒன்பது வருடத்துச் செட். பல்செட் செய்கிற அக்ரிலிக் பளபளவென்று தெரிந்தாலும், உள்பக்கம், அதாவது அண்ணத்தில் படுகிற பக்கம், கையால் தடவினாலே சொரசொரப்பு தெரியும். வருடக்கணக்கில் அந்த நுண்ணிய குழிகளில் பூஞ்சை குடியேறிவிடுகிறது. பிரஷ் போட்டால் மேலே இருப்பது போகும், உள்ளே இருப்பது போகாது. இந்த நோயில் வாயைவிடப் பெரிய கிருமிக் கிடங்கு செட்தான், இதை மட்டும் மறக்காதீர்கள்.

அதனால்தான் வெறும் மாத்திரை, மருந்தால் இது போவதில்லை. பத்து நாள் மருந்து போட்டுச் சிவப்பு குறைந்து, அடுத்த மாதமே பழையபடி சிவந்துபோய் வருகிறவர்கள் ஏராளம். வாய்க்கு மருந்து போட்டிருப்பார்கள், செட்டை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், ராத்திரி கழற்றியும் இருக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால், ராத்திரி கழற்றுவதுதான் முதல் மருந்து, மற்றதெல்லாம் அதற்குத் துணை. ஆறிலிருந்து எட்டு மணி நேரம் அண்ணத்தில் எச்சில் பட வேண்டும், காற்றுப் பட வேண்டும். ஆரம்ப நிலைச் சிவப்பு சிலருக்கு இதிலும் சுத்தத்திலுமே அடங்கிவிடும்.

இரவில் கழற்றச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, வீசிங் இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஜப்பானில் 85 வயதுக்கு மேற்பட்ட 524 பேரை மூன்று வருடம் தொடர்ந்து கவனித்து 2015-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தூங்கும்போது பல்செட் போட்டிருந்தவர்களுக்கு நிமோனியா வரும் அபாயம் மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. செட்தான் காரணம் என்று அந்த ஒரே ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் தூக்கத்தில் வாயிலிருக்கும் கிருமி கொஞ்சம் கொஞ்சமாக மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது வயதானவர்களிடம் சகஜம். கிருமி ஊறிய செட்டை வாயிலேயே வைத்துக்கொண்டு தூங்கினால் என்ன ஆகும் என்று பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை.

இப்போது உங்களுடைய கடைசிக் கேள்வி. மருத்துவம் எல்லாவற்றையும்விட அதுதான் கஷ்டமானது. அத்தை கோபப்படுவது செட்டுக்காக அல்ல. பொக்கை வாயோடு மருமகள் முன்னால், பேரப்பிள்ளைகள் முன்னால், ஏன், பல வீடுகளில் கட்டினவர் முன்னாலேயேகூட உட்கார அவர்களுக்குக் கூச்சம். பல் போனதைக் கிழத்தனம் என்று கேலி பேசுகிற ஊர் நம்முடையது. அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. "ராத்திரி கழற்றுங்க அத்தை, நாற்றம் வருது" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தால், தயவுசெய்து இனி அப்படிச் சொல்லாதீர்கள். இதை நீங்கள் சொல்வதைவிட டாக்டர் சொன்னால் எடுபடும், அதுவும் அவரைத் தனியாக உட்கார வைத்து. கண்ணாடியைக் கையில் கொடுத்து மேல்வாயைக் காட்டச் சொல்லுங்கள். நிறையப் பேர் தங்கள் அண்ணத்தைப் பார்த்ததே இல்லை. அந்தச் சிவப்பை ஒரு தடவை பார்த்துவிட்டால் வாக்குவாதத்தில் பாதி முடிந்துவிடும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது, அவர் படுக்கும் அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில், மூடி போட்ட, உள்ளே இருப்பது தெரியாத ஒரு டப்பா வைப்பது. பாத்ரூமில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி கண்ணாடி டம்ளரில் போடச் சொன்னால் நிச்சயம் செய்ய மாட்டார். விளக்கை அணைத்த பிறகு கழற்றிப் போட்டு, காலையில் எழுந்ததும் கழுவிப் போட்டுக்கொள்ளட்டும், யாரும் பார்க்கப் போவதில்லை. ராத்திரி ஒத்துவரவே மாட்டேன் என்று அடம்பிடித்தால், மதியம் சாப்பிட்டதும் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போயிருக்கிற நேரத்தில் மூன்று நாலு மணி நேரம் கழற்றி வைக்கட்டும். அது இரவுக்கு ஈடாகாதுதான், ஆனால் ஒன்றுமே இல்லாததற்கு அது தேவலை, பழகினால் மெல்ல இரவுக்கும் மாறுவார்.

அப்புறம், கீழ்செட்டை மடியில் வைக்கும் பழக்கத்தையும் அந்த டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். மடியிலிருந்து நழுவி உடைந்த செட்டும், இலையோடு சேர்த்துச் சுருட்டிக் குப்பைக்குப் போன செட்டும் எனக்குத் தெரிந்து நிறைய.

சுத்தம் செய்வதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தப்பெல்லாம் இங்கேதான் நடக்கிறது. சுடுதண்ணீர் வேண்டவே வேண்டாம். அக்ரிலிக் சூட்டில் வளைந்துவிடும், பார்வைக்குத் தெரியாத அளவு வளைந்தாலே போதும், அப்புறம் அண்ணத்தில் ஒட்டாது. பக்கத்து வீட்டு அக்காவிடம் இதைச் சொல்லிவிடுங்கள். பேஸ்ட், பல்பொடி, உப்பு, சாம்பல், கரித்தூள் எதையும் போட்டுத் தேய்க்கக் கூடாது, இயற்கைப் பல்லைவிட அக்ரிலிக் மிருது, கீறல் விழும், கீறலில் பூஞ்சை இன்னும் சௌகரியமாக உட்காரும். செட்டுக்கென்று தனியாக ஒரு மிருதுவான பிரஷ், சாதாரணக் கை கழுவும் சோப்பு அல்லது பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, பச்சைத் தண்ணீர், இவ்வளவு போதும். தேய்க்கும்போது கீழே ஒரு வாளியில் தண்ணீரோ மடித்த துண்டோ இருக்கட்டும், வாஷ்பேசினில் விழுந்தால் இரண்டாகப் பிளந்துவிடும். வெளிப்பக்கம் பல்லைப் பளபளவென்று தேய்த்துவிட்டு உள்பக்கத்தை விட்டுவிடுவதுதான் வழக்கம். நோய் இருப்பது உள்பக்கத்தில், அங்கேதான் அதிக நேரம் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் கழற்றி ஒரு தடவை அலசினால் நல்லது, இரவில் ஒரு தடவை சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும்.

தேய்த்த பிறகு ஊறவைப்பதற்கு மருந்துக் கடையில் நுரை வரும் மாத்திரை கிடைக்கிறது. பெட்டியில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஊறவைத்து, நன்றாகக் கழுவிவிட்டுத்தான் வாயில் போட வேண்டும். அந்த மாத்திரையை மற்ற மாத்திரைகளோடு வைக்காதீர்கள், கண் தெரியாத வயதில் விழுங்கிவிடுகிற ஆபத்து இருக்கிறது. பூஞ்சை இருக்கிறவரை குளோர்ஹெக்ஸிடின் என்கிற கிருமிநாசினித் திரவத்தில் ஊறவைக்கச் சொல்வதும் உண்டு, செட் கொஞ்சம் பழுப்பாகும், பயப்பட வேண்டாம். பிளீச்சிங் திரவத்தை ஆளுக்கு ஒரு அளவில் கலக்கி ஊறவைப்பதைப் பார்க்கிறேன். அது பூஞ்சையைக் கொல்லும்தான், ஆனால் மிகவும் நீர்த்த கரைசலில் பத்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, செட்டில் உலோகம் இருந்தால் அரித்துவிடும். டாக்டர் அளவு சொல்லாமல் அதைத் தொடாதீர்கள். இதெல்லாம் முடிந்ததும் மீதி இரவுக்குச் சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள், தினமும் அந்தத் தண்ணீரை மாற்றுங்கள். செட்டைக் கழுவினால் வேலை முடிந்ததென்று நினைக்கக் கூடாது. அவருடைய ஈறு, அண்ணம், நாக்கு எல்லாவற்றையும் விரலில் சுற்றிய ஈரத் துணியாலோ மிருதுவான பிரஷ்ஷாலோ மெதுவாகத் துடைக்க வேண்டும்.

மருந்து என்று பார்த்தால், நம் ஊரில் சாதாரணமாகக் கொடுப்பது க்ளோட்ரிமசோல் கலந்த வாய்ப் பெயின்ட். டாக்டர் சொல்கிற அளவில், செட்டைக் கழற்றிவிட்டு அண்ணத்தில் தடவ வேண்டும், செட்டின் உள்பக்கத்திலும் தடவ வேண்டும். நாலு நாளில் சிவப்பு குறைந்ததும் பாட்டிலை அலமாரியில் வைத்துவிடுவதுதான் எல்லோரும் செய்வது, சிவப்பு போன பிறகும் டாக்டர் சொன்ன நாள் வரை தொடர வேண்டும், குறைந்தது இரண்டு வாரமாவது ஆகும். தீவிரமாக இருந்தால் ஃப்ளூகோனசோல் மாத்திரை எழுதுவார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: அத்தை சாப்பிடும் கிளிமிப்ரைடோடு ஃப்ளூகோனசோல் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிப்போகலாம். எந்த டாக்டரிடம் போனாலும் சர்க்கரை மாத்திரைச் சீட்டைக் காட்டாமல் இதை வாங்காதீர்கள். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் வீட்டுப் பெரியவர் இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினோ அசினோகூமராலோ சாப்பிடுகிறார் என்றால், மைகோனசோல் என்கிற வாய் ஜெல்கூட ஆபத்து. வாயில் தடவுகிற ஜெல்தானே என்று நினைக்கக் கூடாது, ரத்தப்போக்கு வரும் அளவுக்கு அந்த மாத்திரையின் வீரியத்தைக் கூட்டிவிடும்.

மருந்துக் கடையில் "வாய்ப்புண்ணுக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டு வாங்கும் களிம்புகளில் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. பூஞ்சை இருக்கும் இடத்தில் அதைப் போட்டால் எரிச்சல் கொஞ்சம் அடங்கின மாதிரி இருக்கும், பூஞ்சை அதன்பாட்டுக்கு வளரும். மரத்துப்போக வைக்கும் ஜெல்லும் அப்படித்தான், செட் குத்துகிற இடம் தெரியாமலே போய்விடும்.

இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள்! செட்டைக் கழற்றிவிட்டு இன்ஹேலர் எடுக்கட்டும், எடுத்ததும் வாயைக் கொப்பளித்து, தொண்டை வரை தண்ணீர் விட்டுக் கொப்பளித்துத் துப்பட்டும். ஸ்பேசர் என்கிற குழாய் வைத்து எடுத்தால் வாயில் தங்கும் மருந்து குறையும், அதை மார்பு டாக்டரிடம் கேளுங்கள்.

வாயோர வெடிப்புக்கு வருவோம். நம் வீடுகளில் வாயோரம் வெடித்தாலே சத்துக் குறைவு என்று பி-காம்ப்ளக்ஸ் ஆரம்பித்துவிடுவோம், குழந்தைகளுக்குப் பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பல்செட் போட்ட முதியவருக்கு இரண்டு பக்கமும் மாதக்கணக்கில் ஆறாமல் இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது செட்டைத்தான். ஒன்பது வருடத்தில் செட்டின் பல் தேய்ந்திருக்கும், தாடை எலும்பும் குறைந்திருக்கும், வாயை மூடும்போது மூக்குக்கும் மோவாய்க்கும் இடையே உயரம் குறைந்து உதடு உள்ளே மடிந்துவிடும். அந்த மடிப்பில் எச்சில் வடிந்து ஊறிக்கொண்டே இருக்கும், மேல்வாயில் இருக்கும் அதே பூஞ்சை அங்கேயும் வந்து சேரும், சில நேரம் பாக்டீரியாவும் சேரும். அண்ணத்துக்கு வைத்தியம் பார்க்காமல் ஓரத்துக்கு மட்டும் களிம்பு தடவினால் ஆறாததற்குக் காரணம் இதுதான். அதற்காகச் சத்துக் குறைவே இருக்காது என்றும் சொல்லவில்லை, ரத்தசோகை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

நாக்கு எரிச்சலுக்குப் பூஞ்சையே காரணமாக இருக்கலாம். ஆனால் வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தத்தில் பி12 குறைவது உண்டு, குறைந்தால் நாக்கு வழவழவென்று சிவந்து காரம் பொறுக்காமல் போகும். பி-காம்ப்ளக்ஸ் கொடுத்துக்கொண்டிருப்பதை டாக்டரிடம் சொல்லிவிட்டு பி12 பரிசோதனை செய்யுங்கள், சொல்லாவிட்டால் ரிப்போர்ட்டைத் தப்பாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது. வாய் உலர்ந்து போகிறதா என்றும் கேளுங்கள். ராத்திரி எழுந்து தண்ணீர் குடிக்கிறாரா, பிஸ்கட்டைத் தண்ணீர் இல்லாமல் விழுங்க முடிகிறதா? தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கிற அமிட்ரிப்டிலின், சளிக்கும் அலர்ஜிக்கும் கொடுக்கிற சில மாத்திரைகள், சிறுநீர் போகக் கொடுக்கிற மாத்திரைகள் எல்லாம் எச்சிலைக் குறைக்கும். எச்சில் இல்லையென்றால் மேல்செட் அண்ணத்தில் ஒட்டாது, உரசும், எரியும். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், எழுதிக் கொடுத்தவரிடம் மாற்று இருக்கிறதா என்று கேட்டால் போதும். செட்டின் பொருளே ஒத்துக்கொள்ளாமல் அலர்ஜி என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் அது ரொம்ப அபூர்வம்.

கீழ்செட் ஆடுவதில் யார் மேலும் குற்றமில்லை. பல்லை எடுத்த பிறகு தாடை எலும்பு கரைந்துகொண்டேதான் இருக்கும், முதல் வருடம் வேகமாக, அப்புறம் மெதுவாக, ஆயுள் முழுக்க. டால்கிரென் என்ற ஆய்வாளர் பல்செட் போட்டவர்களை 25 வருடம் வரை தொடர்ந்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து 1972-ல் எழுதியது இன்றும் பாடம்: கீழ்த்தாடை மேல்தாடையைப்போல நாலு மடங்கு கரைகிறது. தாடை மாறிவிட்டது, செட் ஒன்பது வருடம் முன்பிருந்த தாடைக்கானது. ஐந்திலிருந்து ஏழு வருடத்துக்குள் செட்டை மாற்றவோ, உள்பக்கம் புது அக்ரிலிக் வைத்து ரீலைன் செய்யவோ வேண்டிவரும் என்பதை முதலில் செட் கொடுக்கும்போதே சொல்ல வேண்டும், பல இடங்களில் சொல்வதில்லை. ஆடுகிற செட்டை ஒட்டும் பவுடர் போட்டு வருடக்கணக்கில் ஓட்டுவதும் சரியல்ல. கல்யாணம், விசேஷம் என்றால் பரவாயில்லை, தினமும் பவுடர் இல்லாமல் நிற்காத செட் என்றால் அது காலாவதியான செட். ஆடும் செட்டின் ஓரம் உரசி உரசி உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே மடிப்பு மடிப்பாகச் சதை வளர்வதும் உண்டு, அதையும் டாக்டர் பார்ப்பார்.

ஆனால் புது செட்டுக்கு அவசரப்படாதீர்கள், வரிசை முக்கியம். வீங்கிச் சிவந்த அண்ணத்தின் மேல் அளவெடுத்தால், வீக்கத்துக்குத்தான் செட் பொருந்தும். வீக்கம் வடிந்ததும் புது செட்டும் ஆடும், பணமும் போகும், அத்தைக்கு டாக்டர்கள் மேலேயே நம்பிக்கை போய்விடும். முதலில் தொற்று அடங்க வேண்டும். அதுவரைக்கும் பழைய செட்டின் உள்ளே மென்மையான தற்காலிகப் பூச்சு ஒன்று வைத்துக் கொடுக்க முடியும். சிவப்பு போன பிறகு, அளவெடுப்பதற்கு முன் ஒன்றிரண்டு நாள் செட்டே போடாமல் இருக்கச் சொல்வோம். கீழே எலும்பு மிகவும் குறைந்திருந்தால் இரண்டு இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் பதிக்கிற திருகு, வைத்து அதன் மேல் செட்டை மாட்டுவது மிகவும் நல்ல வழி, சாப்பிடும் திறனே மாறிவிடும், ஆனால் செலவும் இருக்கிறது, சர்க்கரையும் கட்டுக்குள் வர வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ வருடம் ஒரு ஊசியோ போட்டிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், அப்படிப்பட்ட மருந்து எடுத்தவர்களுக்குச் செட் குத்திய சின்னப் புண்கூட எலும்பு வெளியே தெரியும் அளவுக்குப் போவதுண்டு. ஒரே நாளில் பல் கட்டித் தருகிறேன் என்று பட்டம் இல்லாதவர்கள் சொல்வதை நம்பிப் போகாதீர்கள். அண்ணத்தில் ரப்பர் வில்லை வைத்து இழுத்துப் பிடிக்கிற மாதிரி செய்த செட்டுகள் அண்ணத்தையே ஓட்டை போட்ட கதைகள் எங்கள் துறையில் பதிவாகியிருக்கின்றன.

இனி புகையிலை விஷயம். விட்டுவிட்டார், ரொம்ப நல்லது. ஆனால் விட்ட பிறகும் பல வருடங்களுக்குக் கவனிக்க வேண்டும். புகையிலை இல்லாமல் வெறும் பாக்கு மட்டுமே போட்டாலும் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இருபது வருடத்துக்கும் முன்பே உறுதியாகச் சொல்லிவிட்டது, "வெறும் வெற்றிலை பாக்குதானே" என்று திரும்ப ஆரம்பித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல்செட் போட்டவர்களிடம் இருக்கும் சிக்கல், எந்தப் புண் வந்தாலும் "செட் குத்தியிருக்கும்" என்று விட்டுவிடுவது. செட் குத்திய புண் என்றால், செட்டைக் கழற்றி வைத்தாலோ குத்துகிற ஓரத்தை டாக்டர் தேய்த்துக் கொடுத்தாலோ இரண்டு வாரத்துக்குள் ஆறிவிட வேண்டும். ஆறவில்லை என்றால் அது செட் குத்திய புண் இல்லை என்றே எடுத்துக்கொண்டு ஒரு துளி சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், இதில் பேரம் கிடையாது. வீட்டிலேயே பிளேடு, உப்புத்தாள் வைத்துச் செட்டைத் தேய்த்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள்.

மாதம் ஒரு தடவை டார்ச் வைத்து நீங்களே பாருங்கள், செட்டைக் கழற்றிய பிறகு. முக்கியமாக வெற்றிலையை எந்தப் பக்கக் கன்னத்தில் அடக்கி வைத்திருந்தாரோ அந்தக் கன்னம், நாக்கின் இரண்டு பக்கவாட்டு ஓரங்கள், நாக்குக்கு அடியில். துணியால் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் போன்ற தனிச் சிவப்புத் திட்டு, ஓரம் தடித்துக் கெட்டியான புண், கழுத்தில் கட்டி, வாய் முன்பைவிடக் குறைவாகத் திறப்பது, விழுங்கக் கஷ்டம், இவற்றில் ஒன்று இருந்தாலும் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

எங்கே போவது என்றால், அரசு மருத்துவமனையின் பல் பிரிவிலேயே ஆரம்பிக்கலாம். பல் மருத்துவக் கல்லூரி எட்டும் தூரத்தில் இருந்தால் இன்னும் நல்லது, அங்கே வாய்த் தோலைப் பார்க்கும் ஓரல் மெடிசின் பிரிவும் பல்செட் செய்யும் பிரிவும் ஒரே கூரையில் இருக்கும். போகும்போது இரண்டு செட்டையும், எல்லா மாத்திரைச் சீட்டுகளையும், இன்ஹேலரையும் பையில் எடுத்துப் போங்கள். கீழ்செட்டை "அதுதான் போடுவதே இல்லையே" என்று வீட்டில் விட்டுவிடாதீர்கள். எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை அளவு), ஹீமோகுளோபின், பி12 மூன்றும் முன்கூட்டியே பார்த்துக் கொண்டுபோனால் ஒரு நடை மிச்சம்.

அதுவரைக்கும் சாப்பாட்டில் காரத்தைக் குறையுங்கள், ஆனால் கஞ்சியும் டீயில் தோய்த்த பிஸ்கட்டுமாகவே ஓட்டிவிடாதீர்கள், சர்க்கரைக்கும் ஆகாது, சத்தும் இல்லை. குழைய வேகவைத்த பருப்பு, முட்டை, மசித்த கீரை, மீன் சாப்பிடுவார் என்றால் முள் எடுத்த மீன், இதெல்லாம் செட் இல்லாமலே ஈறால் மென்று சாப்பிடக்கூடியவைதான்.

மருந்து ஆரம்பித்து இரண்டு வாரத்தில் மறுபடி டாக்டரிடம் காட்டுங்கள். இரவில் கழற்றி, செட்டையும் ஒழுங்காகச் சுத்தம் செய்து, மருந்தும் போட்டு, அப்படியும் சிவப்பு அசையவில்லை என்றால் அந்தச் சிவப்புக்கு வேறு காரணம் தேட வேண்டும். அப்போது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளோடும், பல் டாக்டர் என்ன சொன்னார் என்பதோடும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.